எந்த மீன், சாமி?

சென்ற ஆண்டு ஜூன் மாதம், பள்ளிகள் திறந்த இரண்டாம் வாரம். மாலைச் செபமாலை முடிந்து மக்கள் கலைந்த பின், மூதாட்டி ஒருவர் பங்கு இல்லத்துத் திண்ணையருகே வந்து நின்றார். விடியற்காலையில் கரையில் மீன் ஏலம் எடுத்து, தலைச்சுமையாகக் கொண்டுபோய் உள்ளூர்களில் விற்பவர். எங்கள் பங்கில் அவரை அறியாதவர் இல்லை. அவருடைய சேலைத் தலைப்புக்குப் பின்னால் ஆறு வயதுப் பேத்தி முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள்.

“சாமி, இந்தப் பிள்ளைக்கி நாலு இங்கிலீசு சொல்லிக் குடுக்கணும். இஸ்கூல்ல வாயே தொறக்க மாட்டேங்காளாம். இப்பிடியே இருந்தா வேற பள்ளிக்கூடம் பாருங்கன்னு சொல்லுதாவ” என்றார்.

கன்னியர் இல்லத்தில் மாலை வகுப்பு நடப்பதையும், கல்லூரி மாணவி ஒருத்தி வீட்டிலேயே வைத்துச் சொல்லித் தருவதையும் எடுத்துச் சொன்னேன். எல்லாம் அவருக்குத் தெரிந்தே இருந்தது. பணம் கட்ட வழியில்லை என்பதை அவர் வாயால் சொல்லவில்லை; கம்மல் இல்லாத காதைத் தடவிக்கொண்டார். பிறகு, தமிழ்வழிப் பள்ளியிலேயே சேர்த்துவிடலாமே என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோதுதான் அவர் குரல் மாறியது.

“எம் மவ போறப்ப ஒரு கடுதாசியில கையெழுத்துப் போட்டா சாமி. ரெண்டு வருசம்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாவ. அங்க போன பொறவுதான் தெரியும், மூணு வருசம்னு. எழுதியிருந்தது பூரா இங்கிலீசு. யாருக்குத் தெரியும்? இந்தப் பிள்ளைக்கி அந்தக் கதி வரக் கூடாது.”

சிறுமியின் தாய் குவைத்தில் ஒரு வீட்டில் பணிசெய்கிறார். தந்தை கேரளக் கரையில் விசைப்படகுத் தொழிலில் இருக்கிறார். ஆண்டுக்கு இருமுறை வருவார். ஆங்கில மோகம் என்று மேடைகளில் நாம் எளிதாகப் பேசிவிடுகிறோம். இந்த மூதாட்டிக்கு மோகம் ஏதுமில்லை. ஒரு தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் மகளை மூன்றாண்டுகள் பிரிந்திருப்பவர் அவர். நாளை முதல் பிள்ளையை அனுப்புங்கள் என்றேன்.

உண்மையைச் சொன்னால், எனக்குச் சற்றுப் பெருமிதமாகவும் இருந்தது. ஆங்கிலவழிப் பள்ளி ஒன்றுக்கு ஆறாண்டுகள் தாளாளராக இருந்தவன். குருமடத்தில் மெய்யியலையும் இறையியலையும் ஆங்கிலத்திலேயே கற்றவன். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஆங்கிலம் சொல்லித் தருவது ஒரு காரியமா?

வாரத்தில் நான்கு நாள், செபமாலைக்கு முன் முக்கால் மணி நேரம் வகுப்பு. முதல் வாரத்திலேயே எனக்கு வியப்பு. அவள் எழுத்துகளை முத்து முத்தாக எழுதினாள். பன்னிரண்டு ஆங்கிலப் பாடல்களைத் தண்ணீர் பட்ட பாடாக ஒப்பித்தாள். ஆனால் இடையில் ஓர் எழுத்தைத் தொட்டு இது என்ன என்று கேட்டால், முதலெழுத்திலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்துதான் அதை அடைந்தாள். பாடலில் ஒரு சொல்லை மட்டும் எடுத்துக் கேட்டால் விழித்தாள். பாடல் முழுவதுமே அவளுக்கு ஒரே நீண்ட சொல்லாக இருந்தது! இதைப் பாட்டியிடம் சொன்னேன். அவர் சிறிதும் கவலைப்படவில்லை. “நாங்க சின்னப் பிள்ளையில நற்கருணை ஆசீருக்குப் பாடலையா சாமி?” என்று கேட்டு, ‘தாந்தும் எர்கோ’வை அங்கேயே நின்று கடைசிவரை ஒரு பிசகும் இல்லாமல் இலத்தீனில் பாடிக் காட்டினார். பொருள் தெரியுமா என்றேன். “சாமிக்குத் தெரியும்ல, போதும்” என்றார். அந்த ‘சாமி’ நானா, ஆண்டவரா என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் வாரத்தில்தான் அந்த மாலை வந்தது. படங்கள் நிறைந்த எழுத்து நூல் ஒன்றை வைத்துக்கொண்டிருந்தோம். மீன் படம். வெள்ளி நிறம், பிளந்த வால்.

“இது என்ன?”

“மீனு.”

“மீனுக்கு இங்கிலீஷில் என்ன பெயர்?”

சிறுமி படத்தை உற்று நோக்கினாள். கண்ணை இடுக்கிக்கொண்டு வாலைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள். பின்னர் என்னை நிமிர்ந்து பார்த்து, அந்த மூன்று வாரங்களில் முதன்முறையாகத் தானே ஒரு கேள்வி கேட்டாள்:

“எந்த மீன், சாமி?”

விடை தெரியாமல் மழுப்புகிறாள் என்று எண்ணினேன். “எந்த மீனாக இருந்தால் என்ன? எல்லாம் ஃபிஷ்தான். ஃபிஷ் என்று சொல்” என்றேன்.

“பிஷ்.”

“பிஷ் இல்லை, ஃபிஷ்.”

“பிஷ்.”

ஐந்தாறு முறை இப்படி. என் குரல் உயர்ந்துகொண்டே போனது எனக்கே கேட்டது. அவள் மீண்டும் படத்தைக் காட்டி, “இது பாறை மாதிரி இருக்கு” என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “தமிழில் பேசாதே என்று எத்தனை முறை சொல்வது?” என்று அதட்டிவிட்டேன். உதடுகள் மூடிக்கொண்டன. அவள் அழவில்லை. பாவாடை விளிம்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். அதன்பின் செபமாலை மணி அடிக்கும்வரை ஒரு சொல்லும் இல்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

1990-ஆம் ஆண்டில் குருமடத்தில் மெய்யியல் முதலாண்டு மாணவனாக நான் சேர்ந்தபோது, வானம் பார்த்த பூமியின் சிற்றூர் ஒன்றிலிருந்து, பன்னிரண்டு ஆண்டும் தமிழ்வழியிலேயே பயின்று வந்திருந்தேன். ஒருநாள் வகுப்பில், பொருள்களின் சாரத்துக்கும் இருப்புக்கும் என்ன வேறுபாடு என்று பேராசிரியர் கேட்டார். எனக்கு விடை தெரியும். முந்திய இரவே மூத்த மாணவர் ஒருவர் தமிழில் விளக்கியிருந்தார். அதில் எனக்கு ஒரு பரவசமே உண்டாகியிருந்தது. துள்ளி எழுந்தேன். ஆங்கிலத்தில் ‘இருப்பு’ என்னும் சொல்லைச் சொல்லும்போது நாக்கு இடறியது. வகுப்பு சிரித்தது. பேராசிரியரும் புன்னகைத்தார், அவர் நல்லவர், அதில் வன்மம் ஏதுமில்லை. நான் அமர்ந்துவிட்டேன். அடுத்த ஈராண்டுகள் வகுப்பில் செபம் சொல்வதற்கன்றி நான் வாய் திறக்கவில்லை. எனக்கு மெய்யியல் வராது என்றே பலரும் முடிவுகட்டினார்கள்; நானும் அதை நம்பத் தொடங்கினேன்.

இதை நான் பலரிடம் வேடிக்கையாகச் சொல்லியதுண்டு. அந்த இரவில் இதன் பின்னால் நின்ற வேறொன்று நினைவுக்கு வந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

நான் தாளாளராக இருந்த பள்ளியில், பிள்ளைகள் ஆங்கிலம் பேசுவதில்லை என்று பெற்றோர் குறைப்பட்டுக்கொண்டார்கள். வளாகத்துக்குள் ஒரு தமிழ்ச் சொல்லுக்கு ஒரு ரூபாய் அபராதம் என்று சுற்றறிக்கை விட்டோம். விட்டோம் என்ன, கையெழுத்திட்டவன் நான். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு தகர டப்பா. அக்டோபரில் டப்பாக்களைத் திறந்து எண்ணி, மறைபரப்பு ஞாயிறு காணிக்கையோடு சேர்த்து அனுப்பினோம். அவற்றுள் மிகுதியாக நிரம்பியிருந்தது ஒன்றாம் வகுப்பு டப்பாதான். மேல் வகுப்புகளுக்குப் போகப் போகக் காசு குறைந்தது. ஆங்கிலம் வளர்ந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். அந்தப் பிள்ளைகள் ஆங்கிலம் பேசக் கற்றார்களா, பேசாதிருக்கக் கற்றார்களா என்று அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. ஈராண்டுகளில் யாரும் சொல்லாமலே அவ்வழக்கம் நின்றுபோயிற்று. நான் நிறுத்தினேன் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

அந்த வாரம் அண்டைப் பங்கின் மூத்த குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது, முதன்முறையாக அதைச் சொன்னேன். ஒரு தகர டப்பாவைப் பாவமாகச் சொல்கிறானே என்று அவர் சிரிப்பாரோ என எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. பரிகாரமாகச் செபங்களும் தரவில்லை. “அந்தப் பிள்ளைக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடும்” என்றார். அவ்வளவுதான்.

எப்படி ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பது? காது கேளாத, திக்கிப் பேசிய மனிதரை இயேசு நலமாக்கிய நிகழ்ச்சியை மாற்கு எழுதியிருக்கிறார். எத்தனையோ ஞாயிறுகளில் அதைப் பற்றி மறையுரை ஆற்றியிருக்கிறேன். அம்மனிதரை ஆண்டவர் முதலில் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் செல்கிறார். பிறகு விரல்களை அவருடைய காதுகளில் இடுகிறார். நாவைத் தொடுவது அதற்குப் பின்னர். கிரேக்கத்தில் எழுதிய மாற்கு, ‘எப்பத்தா’ என்னும் அரமேயச் சொல்லை மட்டும் அப்படியே விட்டுவைத்திருக்கிறார். யாயிரின் மகளைக் கைப்பிடித்து எழுப்பிய இடத்திலும் அவர் செய்தது அதுவே. அச்சிறுமிக்கு விளங்கும் சொல்லைத்தான் ஆண்டவர் சொல்லியிருக்கிறார். குருமடத்தில் இதை மொழிநடைக் குறிப்பாகப் படித்துத் தேர்வெழுதினேன். ஒரு பிள்ளைக்குப் பாடம் சொல்லும் முறை அதில் இருப்பதாக அன்று தோன்றவில்லை.

அடுத்த வகுப்பில் நூலை எடுக்கவில்லை. “அன்றைக்குச் சாமி உன்னைச் சத்தம் போட்டது தப்பு” என்றேன். அவள் நம்பாதவளாகப் பார்த்தாள். “எந்த மீன் என்று கேட்டாயே, எனக்கு மீன்கள் தெரியாது. நான் மலையடிவாரத்துக்காரன். காட்டித் தருவாயா?”

அந்தச் சனிக்கிழமை காலைத் திருப்பலி முடிந்ததும் கரைக்குப் போனோம். இப்பங்குக்கு வந்து நான்காண்டுகள் ஆகியும், படகு மந்திரிப்பதற்கு அன்றி அவ்வளவு காலையில் நான் அங்கே போனதில்லை. பாட்டி ஏலக் கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டார். சிறுமி என் அங்கியைப் பிடித்து இழுத்துக்கொண்டு குவியல் குவியலாகக் காட்டினாள். பள்ளியில் வாய் திறக்காதவள் என்று யார் சொன்னது! சாளை, நெத்திலி, காரல், சூரை, ஊளி, விளமீன், திருக்கை, சென்னைக்காரர் வஞ்சிரம் என்று சொல்லும் சீலா. ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம். இதற்கு முள் அதிகம். இது குழம்புக்கு ஆகாது, பொரிக்கத்தான் வேண்டும். இது விலை கூடினது, நாம் தின்பதில்லை, விற்பதற்கு மட்டும். கணவாயைக் காட்டி, “இது மீன் கெடையாது சாமி. இதுக்கு முள்ளு இல்ல, உள்ள ஓடுதான்” என்றாள். பாறையையும் கட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேறுபாடு சொன்னாள். நான் மாற்றிச் சொன்னேன். திரும்பவும் சொன்னாள். மூன்றாம் முறையும் பிழைத்தபோது, ஏலக்காரர் முதல் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு 1990-ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. ஆனால் அச்சிரிப்பு வலிக்கவில்லை.

அன்று 17 பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். பிறகு எனக்குத்தான் வீட்டுப்பாடம். மீன்வள நூலொன்றை இரவல் வாங்கி, படங்களை ஒப்பிட்டு, ஆங்கிலப் பெயர்களைத் தேடினேன். சாளை சார்டின், நெத்திலி ஆங்கோவி, சூரை டியூனா, ஊளி பாராகுடா, பாறை டிரெவல்லி. விளமீனுக்கு ‘எம்பரர்’, அதாவது பேரரசர் என்று பெயர். “விளமீனு ராசாவா?” என்று பாட்டி விழுந்து விழுந்து சிரித்தார். கணவாயை ஆங்கிலத்தில் ‘கட்டில்ஃபிஷ்’ என்பர் என்றதும் சிறுமி தீர்மானமாகச் சொன்னாள்: “இங்கிலீசுக்காரவுகளுக்குத் தெரியல சாமி. அது மீன் இல்லல்லா.” அவள் சொன்னதே சரி. விலங்கியலாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

ஆப்பிளையும் பந்தையும் ஒதுக்கிவிட்டு, எழுத்துகளை இம்மீன்களின் பெயர்களைக்கொண்டே தொடங்கினோம். பாடல்களை ஒப்பித்த வேகம் இதில் இல்லை. இரண்டு மாதங்களில் நாற்பது சொற்கள் சேர்ந்திருக்கலாம். ஆனால் எந்த எழுத்தை இடையில் தொட்டாலும் அவள் முதலெழுத்துக்குத் திரும்பி ஓடவில்லை.

உச்சரிப்பு வேறு கதை. ‘ஃபிஷ்’ நீண்ட நாள் ‘பிஷ்’ஷாகவே இருந்தது, மேற்பல்லைக் கீழுதட்டில் வைத்து ஊதச் சொன்னபோது எச்சில்தான் தெறித்தது. இதை யோசித்துக்கொண்டே ஒருநாள் கெபிக்கு முன்னால் நின்றவனுக்கு ஒன்று உறைத்தது. பாத்திமா மாதா என்றுதானே நாம் எல்லாரும் சொல்கிறோம்? பிலிப்பு, பிலோமினா, பிரான்சிஸ் எல்லாமே நம் வாயில் பகரந்தான். ஸ்தனிஸ்லாஸ் நம் ஊர்களில் தனிஸ்லாஸ் ஆனார். மெய்யெழுத்து தனித்துச் சொல்லுக்கு முதலில் வராது என்பது நம் இலக்கணம். பாட்டியும் பேத்தியும் ‘இஸ்கூல்’ என்று ஓர் இகரத்தை முன்னால் வைப்பது அந்த விதிக்குக் கட்டுப்பட்டுத்தான். இலக்கண நூலைக் கண்ணாலும் காணாத அந்த நாவுகள் இலக்கணத்தைப் பிழையறப் பின்பற்றுகின்றன! ஆங்கிலத்துக்கு அது பிழை என்பதும் உண்மையே; அதைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் முட்டாள்தனத்தைத் திருத்துவது வேறு, ஓர் ஒழுங்கிலிருந்து இன்னோர் ஒழுங்குக்குப் பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துப் போவது வேறு.

உச்சரிப்பை வைத்து மனிதரை அடையாளம் காண்பதும் ஒதுக்குவதும் இன்று நேற்று வந்ததன்று. யோர்தான் துறையில் ‘சிபோலேத்து’ என்னும் ஒரு சொல்லைச் சரியாகச் சொல்ல வராததால் எப்ராயிமர் 42,000 பேர் மடிந்ததாக நீதித்தலைவர்கள் நூல் கூறுகிறது. தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுருவைக் காட்டிக்கொடுத்ததும் அவருடைய கலிலேயப் பேச்சுதான். நாசரேத்தூர் இயேசுவும் அதே பேச்சு வாடையில்தானே போதித்திருப்பார்?

இன்னொரு தடையை நான் எதிர்பார்க்கவே இல்லை. என்னை நோக்கி ‘யூ’ என்று சொல்ல அவள் மறுத்துவிட்டாள். அதற்கு ‘நீ’ என்று பொருள் என அவளுக்குப் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். சாமியாரை எப்படி ‘நீ’ என்பது? ‘நீங்கள்’ என்பதற்கும் அதே சொல்தான் என்றேன். “அப்ப நாய்க்கி?” நாய்க்கும் அதே சொல்தான். நெடுநேரம் சிந்தித்துவிட்டு, “சேசுசாமிக்கு?” என்று கேட்டாள். நான் திகைத்தேன். நாம் செபத்தில் ஆண்டவரை ‘நீ’ என்பதில்லை. ‘நீங்கள்’ என்பதும் இல்லை. ‘நீர்’ என்கிறோம், ‘உமது’ என்கிறோம். மதிப்பும் நெருக்கமும் கலந்த அந்தச் சொல் நம் செபங்களில் வந்து நிலைத்துவிட்டது. முப்பது ஆண்டுகள் அதை நாள்தோறும் சொல்லியும், அதன் அருமையை இக்கேள்வி வரும்வரை நான் உணர்ந்ததில்லை. ஆங்கிலத்திலும் முன்பு நெருங்கியவருக்கென்று தனிச்சொல் இருந்தது, பழைய செபங்களில் மட்டும் தங்கிவிட்டது என்று சொல்லிவைத்தேன். அது அவளுக்கு வேண்டாத செய்தி. “உங்களுக்கு மட்டும் ‘ஃபாதர்’னு சொல்லுதேன்” என்று உடன்பாட்டுக்கு வந்தாள். அந்தச் சொல்லில் அவளுக்கு எங்கிருந்தோ ஃபகரம் சரியாக வந்துவிட்டது. அடுத்த நாளே ‘ஃபிஷ்’ஷும் வந்தது.

இந்தக் கடற்கரைக்கே மொழி கற்ற வரலாறு ஒன்று உண்டு. 1542-இல் தூய சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. செபங்களைத் தமிழாக்கச் செய்து, மனப்பாடம் பண்ணி, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். அந்தத் தமிழாக்கத்தில் ஒரு பிழை புகுந்திருந்தது. ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேண்டும்’ என்னும் பொருளுள்ள சொல் நின்றது. உடனுழைப்பாளரான மான்சிலாசுக்கு எழுதிய மடலொன்றில் அதைத் திருத்தச் சொல்கிறார் சவேரியார். அதுவரையில் எம் முன்னோர், கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதிலாக, கடவுள் எனக்கு வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்! இறையியல் படித்தவன் என்ற முறையில் அது பிழை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்தப் பிழையைக் கேட்டு விண்ணகத்தில் யாரும் அபராதம் விதித்திருக்க மாட்டார்கள். அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் முறையாகத் தமிழ் கற்றார்; இலக்கணம் எழுதினார்; 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்க’த்தை அச்சேற்றினார். அப்பெரியவர்களுக்கெல்லாம் ‘ழ’ வராத நாள்கள் இருந்திருக்கும். மீன்காரப் பெண்களும் பிள்ளைகளும் பொறுத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

ஆங்கில அகராதியில் ‘கட்டுமரம்’ இருப்பதை ஒருநாள் பெருமையோடு காட்டினேன். அவளுடைய தாத்தா கட்டுமரத்தில் தொழில் செய்தவர். தாத்தாவின் மரம் வெள்ளைக்காரர் நூலில் ஏறியிருக்கிறது என்று மகிழ்வாள் என எதிர்பார்த்தேன். பக்கத்திலிருந்த படத்தைப் பார்த்தாள். “இது கட்டுமரம் இல்ல சாமி. ரெண்டு வள்ளத்தச் சேத்துக் கெட்டியிருக்காவ” என்றாள். இன்றைய ஆங்கிலத்தில் அச்சொல் இரட்டை உடல் கொண்ட படகையே குறிக்கிறது. எனவே அவள் சொன்னதில் தவறில்லை. நம்மிடமிருந்து கடன்பெற்றுப் போனது வேறாக வளர்ந்திருக்கிறது. நான் பெருமையை மடித்து வைத்துக்கொண்டேன்.

அக்டோபரில் பள்ளி நாட்குறிப்பில் ஆசிரியை சிவப்பு மையில் எழுதியிருந்தார். பாடத்தில் இல்லாத சொற்களைச் சொல்கிறாள். ‘ஃபிஷ்’ என்று சொல்ல வீட்டில் பழக்கவும். படத்தைக் காட்டிக் கேட்டபோது இவள் ‘டிரெவல்லி’ என்றிருக்கிறாள். முதலில் சிரித்தேன். பிறகு சினம் வந்தது. மறுநாளே பள்ளிக்குப் போனேன்.

இருபத்து நான்கு வயதிருக்கலாம் அந்த ஆசிரியைக்கு. 42 பிள்ளைகள் கொண்ட வகுப்பு. தலைமையாசிரியர் முன்னிலையில் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் பேசினார். மனப்பாடம் செய்தது போலிருந்தது. வெளியே வராந்தாவில் தனியே வந்ததும், சுற்றிலும் பார்த்துக்கொண்டு தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னார்: “ஃபாதர், எனக்கு அந்தச் சொல் தெரியாது. எனக்கே தெரியாததை எப்படிச் சரி என்று குறியிடுவேன்? நானும் பன்னிரண்டாவது வரை தமிழ்வழிதான்.” வளாகத்தில் ஆசிரியர்கள் தமிழ் பேசினாலும் பெயர் குறிக்கப்படுமாம். நான் கொண்டுபோயிருந்த சினம் எங்கே போனதென்று தெரியவில்லை. என் தகர டப்பாவைப் பற்றி அவரிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மீன் பட்டியலின் படியொன்றைக் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்கடுத்த மாதம் நாட்குறிப்பில் சிவப்பு மை குறைந்திருந்தது. அவ்வளவே சொல்ல முடியும்.

ஆண்டுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 58 மதிப்பெண். வேறு பள்ளி பாருங்கள் என்ற பேச்சு மீண்டும் எழவில்லை. வகுப்பில் இன்னும் அதிகம் பேசுவதில்லை என்கிறார்கள். பங்கு இல்லத்தில் அவளை நிறுத்துவதுதான் பாடு. குறிப்பேட்டில் இப்போது மூன்றாவது வரிசை ஒன்றும் தொடங்கியிருக்கிறது. ஞாயிறன்று கைப்பேசியில் பேசிய தாய், அன்று அந்த வீட்டில் மீன் சமைத்ததாகச் சொல்லியிருக்கிறார். ‘விச் ஃபிஷ்?’ என்று இவள் ஆங்கிலத்தில் கேட்க, தாய் ‘சுபைதி’ என்றாராம். அது நம் ஊர் வாவல். அரபி எழுத்து எங்கள் இருவருக்கும் தெரியாததால் தமிழிலேயே எழுதிக்கொண்டோம்.

இவ்வாண்டு மே மாதம் தாயின் மூன்றாண்டு ஒப்பந்தம் முடிந்தது. புதிய ஒப்பந்தத் தாளைப் படமெடுத்து, கையெழுத்திடுமுன் சாமியிடம் காட்டச் சொல்லி அனுப்பியிருந்தார். பாட்டி கைப்பேசியை என்னிடம் நீட்டினார். திண்ணையில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். ஊதியம், விடுமுறை நாள், பயணச் செலவு என்று ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். சிறுமி என் முழங்காலில் கையூன்றி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று திரையில் ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

“டூ. இது டூ தான சாமி?”

ஆம் என்றேன். அதற்கடுத்த சொல்லையும் மெல்ல எழுத்துக் கூட்டினாள். இரண்டு ஆண்டு.

“மூணு இல்லையே?” என்று பாட்டி என்னைக் கேட்கவில்லை, அவளைக் கேட்டார். இல்லை என்று அவள் தலையசைத்தாள். மகளிடம் போடச் சொல்லிவிடலாமா என்றார். ஊதியம் சற்றுக் குறைவு, அதை மட்டும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப அவ வாறப்ப பிள்ளைக்கி ஒம்பது வயசு” என்றார்.